அறுநூற்றுப் பதினோரு எழுத்துகள்

எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் எதையாவது உண்டாக்குவார்கள். உடைப்பக்கா மட்டும் உடைப்பார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

புதிய மென்பொருள் எதுவானாலும் முதலில் அவர் மேஜைக்கு வரும். பெயர் கேட்கும் கட்டத்தில் நானூறு எழுத்து அடிப்பார். பிறந்த தேதி கேட்டால் பிப்ரவரி முப்பது என்பார். சேமித்துக்கொண்டிருக்கும்போதே மின்கம்பியைப் பிடுங்குவார். ஒருமுறை கீபோர்டின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பத்து நிமிடம் செய்தித்தாள் படித்தார். மென்பொருள் தாங்கிவிட்டால் நோட்டில் ‘பிழைத்தது’ என்று எழுதி உதட்டைப் பிதுக்குவார். விழுந்துவிட்டால் முகம் பூரித்துப்போகும். பொறியாளர்கள் நடைவழியில் அவரைக் கண்டால் தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள்போலத் திரும்பிவிடுவார்கள்.

நான் பக்கத்து மேஜை. கையேடு எழுதுகிறவன். பெட்டியைப் பிரித்ததும் வாங்கியவர் முதலில் தூக்கிப் போடுவாரே ஒரு புத்தகம், அது என் கைவண்ணம். அவரைவிட எனக்கு இரண்டு வயது கூடுதல். ஆனாலும் ஊரோடு சேர்ந்து நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். அந்த அதட்டலுக்கு முன்னால் வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அவருக்கு அந்தப் பக்கம் அவருடைய தம்பி. அவனும் உடைக்கிற வேலைதான். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு இருபது. குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடத்தில் விட்டு, படிக்கவைத்து, கடைசியில் தன் பக்கத்து நாற்காலியிலேயே வேலையும் வாங்கிக் கொடுத்தார். அலுவலகத்தில் மேலாளர் உட்பட எல்லாருக்கும் அவன் ‘தம்பி’தான். நிதானமானவன். மவுஸ் அம்பை எதன்மேல் கொண்டுபோனாலும் அதைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டுவிட்டுத்தான் அழுத்துவான். “என்னடா, பிரதட்சிணமா?” என்று கேட்டால் சிரிப்பான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சோதிக்கிறவர் ஒரு மணி நேரத்துக்குக் கம்ப்யூட்டரில் என்னென்ன செய்கிறாரோ, ஒவ்வொரு தட்டலையும் மவுஸின் ஒவ்வொரு நகர்வையும் அப்படியே பதிவு செய்து வைத்துக்கொள்வோம். பிறகு மென்பொருளில் மாற்றம் செய்யும்போதெல்லாம் அந்தப் பதிவை ஓட்டினால் போதும். அவர் உட்கார்ந்து செய்ததுபோல எல்லாம் தானாகவே நடக்கும். பழைய முடிவும் புதிய முடிவும் ஒத்துப்போனால் சரி, இல்லையென்றால் பிரிண்டர் ஒரு தாளைத் துப்பும்: எதிர்பார்த்தது இது, கிடைத்தது இது என்று. இதற்கு ‘ஓட்டம்’ என்று பெயர். தம்பியின் ஓட்டம் நாற்பத்தேழு நிமிடம். மனிதர் வேகத்தில் ஓட்ட யாருக்குப் பொறுமை? இருபது மடங்கு வேகத்தில், கை ஓய்ந்த நேரத்தையெல்லாம் தாவிக்கொண்டு ஓடவிட்டால் இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

அவன் செத்துப்போன பிறகும் அது ஓடியது.

திங்கட்கிழமை வயிற்றுவலி என்று வீட்டுக்குப் போனான், வியாழக்கிழமை இல்லை. இருபத்தெட்டு வயது. அடுத்த வாரம் அக்கா வேலைக்கு வந்து, தம்பியின் மேஜையில் இருந்த கம்ப்யூட்டரை முடுக்கினார். நாற்காலி காலி. திரையில் அம்பு துள்ளித் துள்ளி ஓடியது, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வட்டம் போட்டது, எழுத்துகள் பாய்ந்து வந்து மறைந்தன. தரை துடைக்க வந்த அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு வெளியே போனவர், அந்தப் பக்கத்தைக் கடைசிவரை வேறு ஆளை வைத்துத்தான் துடைத்தார். நான் அந்த அம்மாவைக் கேலி செய்தேன். ஆனால் நானும் அன்றே என் நாற்காலியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

“வேற ஓட்டம் வெச்சுக்கலாமேம்மா?” என்று மேலாளர் கேட்டார்.

“இதைவிட நல்ல ஓட்டம் இருந்தா குடுங்க சார்,” என்றார் அக்கா.

ஒரு வருடத்தில் நானூறு தடவையாவது ஓட்டியிருப்பார். அழுது நான் பார்த்ததில்லை.

அவருக்குள் ஒரு முள் இருந்தது, அது எனக்குத் தெரியும். தினமும் மூன்று மணிக்கு எங்களுக்கு ஒரு கூட்டம். உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்று எல்லாரும் நின்றுகொண்டே இருப்போம். அன்றைக்குத் தவறு கண்டுபிடித்தவர் தன் தாளை உரக்கப் படிக்க வேண்டும், ஒரு சொல் விடாமல். தம்பி சாவதற்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு பெரிய தவறு சோதனையில் தப்பி, வாங்கியவர்கள் கைவரை போய்விட்டது. யார் கோட்டைவிட்டது என்று மேலாளர் கேட்டார். பதினான்கு பேர் முன்னிலையில் அக்கா சொன்னார்: “தம்பிதான். பார்க்காமலே பார்த்தேன்னு எழுதியிருக்கான்.” அவன் முகம் செத்துப்போனது. உண்மைதான், ஆனால் தனியாகச் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் மழுப்பியிருப்பேன். அவருக்கு மழுப்பத் தெரியாது.

ஒன்பது நாள் அவன் அக்காவோடு பேசவில்லை. பக்கத்து நாற்காலி, கை நீட்டினால் தொடலாம், ஆனாலும் ஒரு பேச்சு இல்லை. அவன் அப்போது தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தான். ஒன்பதாம் நாள் சாயங்காலம் திடீரென்று அக்கா வீட்டுக் கதவைத் தட்டினான். கையில் ஒரு பல்பு. குளியலறை விளக்கு ஒரு மாதமாக எரியவில்லை என்பது அவனுக்குத் தெரியும். முக்காலியில் ஏறி மாட்டினான். “இப்பப் போடு,” என்றான். எரிந்தது. கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டான். அக்காவும் எதுவும் கேட்கவில்லை. பல்பு எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்ப்பதற்காக அதன் அடிப்பக்கத்தில் பேனாவால் தேதி எழுதி வைக்கிற பிறவி அவர். அதிலும் எழுதி வைத்தார். “எதுக்கு அன்னிக்கு வந்தான்னு இன்னிவரைக்கும் தெரியலை, கையேட்டுக்காரரே. கேட்டிருக்கலாம், கேட்காம விட்டுட்டேன்,” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அவன் மன்னிக்காமலே போய்விட்டானோ என்பதுதான் அந்த முள்.

இந்த நிலையில்தான் புதிய குடும்பம் பிறந்தது. மூன்று புதிய கம்ப்யூட்டர்கள், மூன்றிலும் ஓடுவதற்குப் புத்தம்புதிய இயங்குதளம். விளம்பரத்துறை இதற்குக் ‘குடும்பம்’ என்று பெயர் வைத்தது. நாங்கள் பெரியவன், நடுவன், குட்டி என்று கூப்பிட்டோம். இயங்குதளத்தின் பெருமை, எழுதியதைத் தானாகவே சேமித்துக்கொள்ளும் என்பது. கரண்டு போனாலும் கவலை இல்லை. ‘எதுவும் தொலையாது’ என்று பெட்டிமேலேயே அச்சடித்துவிட்டார்கள். என் கையேட்டின் முதல் பக்கத்திலும் அதே வரி. மேலாளர் வாயைத் திறந்தாலே வெளியீட்டுத் தேதிதான் வரும் என்பதால் அவருக்கே ‘தேதி’ என்று பெயர் விழுந்துவிட்டது.

வெளியீட்டுக்கு முந்தைய பத்து நாள் எல்லா ஓட்டத்தையும் மனிதர் வேகத்திலேயே ஓட்ட வேண்டும் என்பது விதி. அக்கா முதல் நாள் சாயங்காலம் தம்பியின் ஓட்டத்தை நடுவனில் முடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனார்.

காலையில் முதலில் வருவது நான். பிரிண்டரில் ஒரு தாள் கிடந்தது. முந்தைய நாள் நான் அனுப்பிய கையேட்டுப் பக்கம் என்று நினைத்து எடுத்தேன். ‘எதிர்பார்த்தது: இது ஒரு சோதனை வரி.’ அதற்குக் கீழே ‘கிடைத்தது’ என்று போட்டு ஒரு கடிதம். அக்கா என்று தொடங்கியது. நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை, கடைசி எழுத்துவரை படித்தேன்.

அந்த ஒன்பது நாளில் ஒருநாள், ஓட்டம் பதிவாகிக்கொண்டிருக்கும்போதே தம்பி நடுவில் தன் அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறான். எழுதியதை முழுக்க அழித்திருக்கிறான். அழித்த இடத்தில் அந்தச் சோதனை வரியை அடித்துச் சேமித்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறான். ஒரு வருடமாக ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்தக் கடிதம் அக்காவின் கண்ணெதிரே எழுதப்பட்டு அழிக்கப்பட்டிருக்கிறது, யாரும் படிக்க முடியாத வேகத்தில். இப்போது புதிய இயங்குதளம், அழித்ததைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டது.

தாளை எழுத்து உள்பக்கமாக இருக்கும்படி மடித்து அவர் மேஜையில் வைத்தேன். அவர் வந்தார், பிரித்தார், தலைப்பையும் முதல் சொல்லையும் பார்த்திருப்பார்; உடனே மடித்துவிட்டார்.

“படிச்சீங்களா?”

“இல்லக்கா,” என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தாளை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். “அவன் அழிச்சிருக்கான். அழிச்சதைப் படிக்கிறதுக்கு நமக்கு என்ன உரிமை இருக்கு?” என்றார். எனக்குச் சுருக்கென்றது.

மூன்று மணிக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார்; அதாவது ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவர் ஓரடி முன்னால் வந்தார். “அழிச்சது திரும்பி வருது,” என்றார்.

“தாளைப் படிங்க,” என்றார் தேதி.

“அது சொந்த விஷயம் சார். தம்பி எழுதினது.”

தேதி தொண்டையைச் செருமினார். “அது பழைய ஓட்டம்மா. அந்தத் துண்டை வெட்டிட்டு மிச்சத்தை ஓட்டுங்க. பொறியாளர்களும் காலையிலேருந்து அழிச்சு அழிச்சுப் பார்த்துட்டாங்க, ஒண்ணும் திரும்பி வரலை. தப்பு ஓட்டத்துலதான் இருக்கும். உங்க வருத்தம் எங்களுக்கும் புரியுது.”

அந்தக் கடைசி வரிதான் அக்காவைப் பற்றவைத்தது. “என் வருத்தம் கிடக்கட்டும் சார். ஒருத்தர் கோவத்துல ஒண்ணு எழுதுவார், வேண்டாம்னு அழிப்பார். அடுத்த நாள் அதே வீட்ல இன்னொருத்தர் திறந்தா அது அங்க உக்காந்திருக்கும். பரவாயில்லையா? ரெண்டு நாள் குடுங்க. வேற எழுத்தை வெச்சு இதே தப்பைக் காட்டறேன். முடியலைன்னா நானே வெட்டிடறேன்.”

முடியவில்லை என்றால் இரண்டே வழி. ஒன்று, அந்தக் கடிதத்தைப் பதினான்கு பேர் முன்னால் உரக்கப் படிக்க வேண்டும்; தம்பியை நிறுத்திவைத்த அதே கூட்டத்தில். இல்லையென்றால் பார்க்காமலே பார்த்ததாக எழுதிவிட்டு விட்டுவிட வேண்டும். தம்பியைக் குற்றம் சொன்ன அதே வேலை.

முதல் நாள் முழுக்கச் செய்தித்தாளைப் பார்த்துப் பார்த்து அடித்தார், அழித்தார், சேமித்தார், திறந்தார். அழித்தது அழிந்தே இருந்தது. வேகமாக அடித்தார், மெதுவாக அடித்தார், இருபது பக்கம் அடித்தார். நானும் என் பங்குக்குக் கையேட்டை அடித்து அழித்தேன். அதற்கு அது தகும். எங்கள் இருவர் கையிலும் ஒன்றும் நடக்கவில்லை. தம்பியின் கைக்கு மட்டும் திரும்பி வந்தது. மூன்று முறை ஓட்டினார், மூன்று முறையும் வந்தது. பிரிண்டர் ஓசை கேட்கும்போதெல்லாம் என் முதுகு கூசியது. ஒவ்வொரு தாளையும் அவர் குப்புற எடுத்துப் பூட்டினார்.

“அவன் ஏதோ செய்யறான். நம்ம செய்யாதது,” என்றார். செய்யறான் என்றார், செய்தான் என்று சொல்லவில்லை.

இரண்டாம் நாள் காலை ஒரு பெட்டி அட்டையை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார். திரை முழுவதையும் மூடி ஓரங்களில் ஒட்டுத்தாள் ஒட்டினார். கீழ்மூலையில் எத்தனை எழுத்து என்று எண்ணிக்கை காட்டும் கட்டத்துக்கு மட்டும் விரல் அகலத்தில் ஓட்டை. “நீங்க கடிகாரத்தைப் பாருங்க. நான் எண்ணைப் பார்க்கறேன்,” என்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக நான் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பினேன்.

முப்பத்தோராம் நிமிடம் எண் ஏறத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது. கொஞ்சம் நின்றது. மறுபடி ஏறியது. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அடிப்பதுபோலவே இருந்தது. தயங்கும் இடத்தில் தயங்கியது, கோபம் வந்த இடத்தில் பாய்ந்தது. அக்காவுக்கு அது வெறும் எண். எனக்கோ அட்டைக்குப் பின்னால் எந்த வரி ஓடுகிறது என்று தெரியும். இருநூறைத் தாண்டும்போது ‘அம்மாவுக்கு அப்புறம் நீதான் அம்மான்னு எல்லாரும் சொல்றாங்க’ என்பது. அடுத்து ‘நீ அம்மா இல்ல, மேஸ்திரி’ என்பது. கடைசியில் ‘உன் வீட்டு வாசல இனி மிதிக்க மாட்டேன், நான் செத்தாலும் நீ வராத’ என்பது. அறுநூற்றுப் பதினொன்றில் எண் நின்றது.

நகரவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. அம்புகூட அசையவில்லை என்று நினைக்கிறேன். இரண்டு நிமிடம். அக்கா ஓட்டைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, “என்னடா பண்ற?” என்றார், மெல்ல, நிஜமாகவே அவனைக் கேட்பதுபோல. மூன்று நிமிடம் ஆனபோது கம்ப்யூட்டரில் பொட்டென்று ஒரு சிறு சத்தம்: இயங்குதளம் தானாகச் சேமித்துக்கொண்ட சத்தம். நான்காம் நிமிடம் முடியும்போது எண் இறங்கத் தொடங்கியது.

அறுநூற்றுப் பத்து. அறுநூற்று ஒன்பது. அழிக்கும் விசையைப் பிடித்து அமுக்கினால் ஒரு மூச்சில் முடிகிற வேலை. அவன் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தட்டி அழித்தான். எண் இருநூற்று நாற்பதை நெருங்கும்போது, ‘அம்மா’ என்ற சொல் வருகிற இடத்தில், கொஞ்சம் நின்றான். பிறகு மறுபடி. கடைசியில் பூஜ்யம் வந்தது.

“நாலு நிமிஷம்,” என்றேன்.

“அதான். நம்ம யாரும் சும்மா உக்காரலை,” என்றார் அக்கா. அவர் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. “உடைக்கிறவங்களுக்கு ஏது அந்தப் பொறுமை?”

உடனே செய்தித்தாளை எடுத்து ஒரு பத்தி அடித்தார். கையைக் கட்டிக்கொண்டு நான்கு நிமிடம் உட்கார்ந்தார். அழித்தார், சேமித்தார், திறந்தார். பத்தி முழுக்க அங்கே இருந்தது. மூன்று நிமிடம் கை ஓய்ந்தால் இயங்குதளம் தனக்கென ஒரு பிரதி எடுத்துவைத்துக்கொள்கிறது. பிறகு எல்லாவற்றையும் அழித்தால், இவ்வளவு எழுதியவர் வேண்டுமென்றா அழித்திருப்பார், ஏதோ தொலைத்துவிட்டார் என்று பிரதியை மறுபடி கொண்டுவந்து வைக்கிறது. மூன்று மணிக்கு அக்கா செய்தித்தாள் பத்தியை ஒரு சொல் விடாமல் உரக்கப் படித்தார். வானிலை அறிக்கை. தேதி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பொறியாளர்கள் நான்கு நாளில் சரிசெய்தார்கள். முதல் தடவையாக அவர்களே அக்காவின் மேஜைக்கு வந்து நன்றி சொன்னார்கள்.

வெளியீட்டன்று காலை கடைசி ஓட்டம். கடிதம் எழுதப்பட்டது, நான்கு நிமிடம் இருந்தது, அழிந்தது. பிரிண்டர் சும்மா இருந்தது. அக்கா நோட்டில் ‘பிழைத்தது’ என்று எழுதினார். உதட்டைப் பிதுக்கவில்லை.

அரங்கில் திரைச்சீலைக்குப் பின்னால், மேடைக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் மாற்றிவைக்க ஒரு மாற்று கம்ப்யூட்டரோடு எங்களை உட்காரவைத்திருந்தார்கள். முன்னால் அறிமுகம் செய்கிறவர் ஒரு வரி அடித்தார், மின்கம்பியைப் பிடுங்கினார், மறுபடி போட்டார். வரி அப்படியே இருந்தது. “எதுவும் தொலையாது!” என்றார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

அக்கா பையிலிருந்து அந்தத் தாள்களை எடுத்தார். இன்னும் மடித்தபடியே இருந்தன. “எல்லா கம்ப்யூட்டரையும் துடைச்சாச்சு, அவன் ஓட்டத்தையும் அழிச்சாச்சு. இது மட்டும்தான் மிச்சம்,” என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, “நீங்க படிச்சீங்க. அன்னிக்கே தெரியும். நீங்க பொய் சொன்னா காது சிவந்துடும்,” என்றார்.

என் கை தானாகக் காதுக்குப் போனது.

“ரொம்ப மோசமா எழுதியிருக்கானா?”

நான் வாயைத் திறந்தேன். மழுப்புகிறதில் பேர் போனவன், அன்றைக்கு ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை. அந்த மௌனமே அவருக்குப் போதுமானதாக இருந்தது. முகம் சுருங்கியது. தாளைப் பிரிக்கப் போகிறார் என்று தோன்றியது. மேல் விளிம்பை மட்டும் பிரித்தார், பதிவு நாள் அச்சாகியிருக்கும் வரி. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தத் தேதி பல்புல இருக்கு,” என்றார்.

“என்னக்கா?”

“அன்னிக்குச் சாயங்காலம்தான் வந்தான். பல்பு மாட்டினானே, அன்னிக்கு. காலையில இதை எழுதி, உக்காந்து, ஒவ்வொரு எழுத்தா அழிச்சுட்டு…” வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். ஒரு வருடமாக நான் பார்க்காத அழுகையை அன்றைக்குப் பார்த்தேன். வெளியே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். “பக்கத்துலயே இருந்தேன், கையேட்டுக்காரரே. அந்த நாலு நிமிஷமும் நான் பக்கத்து நாற்காலியிலதான் இருந்தேன். திரும்பிப் பார்க்கலை.”

பிறகு தாள்களைச் சேர்த்து நான்காக, எட்டாக, இன்னும் சின்னதாகக் கிழித்தார். படிக்கவில்லை. துண்டுகளைப் பையில் போட்டு மூடிவிட்டு, மாற்று கம்ப்யூட்டரின் ஒயர் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

அதன்பிறகு பதினெட்டு வருடம் அவர் உடைத்தார், நான் எழுதினேன். இரண்டு பேரும் ஓய்வு பெற்றாயிற்று. எப்போதாவது போன் பண்ணுவார். முட்டிவலி, மருமகள்கள், என் கண் அறுவை எல்லாம் பேசி முடித்த பிறகு, வைக்கப்போகும் நேரத்தில் கேட்பார்:

“அது இன்னும் ஞாபகம் இருக்கா?”

“எது?”

“அவன் எழுதினது.”

அறுநூற்றுப் பதினோரு எழுத்தும் வரிசை மாறாமல் இருக்கின்றன. சில நாள் சும்மா நான்கு நிமிடம் உட்கார்ந்தால் போதும், முதல் சொல்லிலிருந்து வந்துவிடுகின்றன. ‘நான் செத்தாலும் நீ வராத’ என்பதுவரை. அவன் வேண்டாம் என்று அழித்ததை உலகத்தில் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான்.

“ஒரு வரிகூட ஞாபகம் இல்லக்கா,” என்பேன். போனில் காது தெரியாது என்பது ஒரு வசதி.